அலமாரிப் பூட்டைத் திறந்த ரங்கநாதன்

ஸ்ரீரங்கத்தில் எந்த வீதியில் நின்று ரங்கநாதா என்று கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ரங்கராஜன், ரங்கசாமி, ரங்கநாயகி என்று பெருமாள் பெயரோ தாயார் பெயரோ வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். ஆனால் உலகத்தில் நூலகப் படிப்பு படிக்கிற மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ரங்கநாதன் ஒருவர் உண்டு. அவர் நம் ஊர்க்காரர் இல்லை. முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரிந்து, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஓடுகிற கொள்ளிடம் எந்தச் சீமையில் போய்க் கடலில் சேருகிறதோ, அந்தச் சீர்காழிக்காரர். சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன் என்பது முழுப்பெயர். சுருக்கமாக எஸ்.ஆர். ரங்கநாதன்.

ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தா என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, விஸ்வேஸ்வரய்யாவை எழுது, கணித மேதை ராமானுஜனை எழுது என்று நண்பர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நான் ரங்கநாதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஆண்டு நம் பேரவைக் கூட்டத்தில் நூலகத்தைப் பற்றி நடந்த வாக்குவாதம் எல்லாருக்கும் நினைவிருக்கும். நூலகத்தை ராத்திரி 8 மணி வரை திறந்து வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. இந்தக் காலத்தில் லைப்ரரிக்கு யார் வருகிறார்கள், படிக்கும் அறையை வேறு உபயோகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று இன்னொரு கட்சி. முடிவு எடுக்காமலேயே கூட்டம் கலைந்தது. இந்தக் கேள்வியை 100 ஆண்டுக்கு முன்னாலேயே ஒரு மனிதர் நேருக்கு நேர் சந்தித்திருக்கிறார் என்று தெரிந்ததும், அவரைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கணக்கு வாத்தியார்

ரங்கநாதன் பிறந்தது 1892 ஆகஸ்ட் மாதம். இந்தியாவில் ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினமாகக் கொண்டாடுவது அவர் நினைவாகத்தான். அப்போது சீர்காழி பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. அப்பா ராமாமிர்தம், அம்மா சீதாலட்சுமி. பையனுக்கு ஆறு வயது இருக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. சின்ன வயதில் பேச்சில் திக்கல் வேறு. ஆனாலும் பையன் கணக்கில் புலி.

மேல்படிப்புக்குச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1913-ல் பி.ஏ., 1916-ல் கணிதத்தில் எம்.ஏ. அங்கே எட்வர்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் அவருக்குக் குருவாக அமைந்தார். இந்த வெள்ளைக்கார வாத்தியார் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருவார். அதன்பின் சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி. 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணக்கு வாத்தியார் வேலை. திக்கல் இருந்த பையன் வகுப்பறையில் நின்று பாடம் நடத்தினார் என்றால் சும்மாவா! வாத்தியார் தொழில்தான் தன் பிறவிப் பயன் என்று அவர் நினைத்திருந்தார். நூலகத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கும் எண்ணம்கூட அவருக்கு இருந்ததில்லை.

ஓடிப்போக நினைத்த நூலகர்

சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கென்று ஒரு நூலகரை வைத்துக்கொள்ள முடிவு செய்து 1923-ல் விளம்பரம் கொடுத்தது. கல்லூரி ஆசிரியர் சம்பளத்தைவிட நல்ல சம்பளம். நண்பர்கள் பிடுங்கல் தாங்காமல் ரங்கநாதனும் மனுப் போட்டார். பல நூறு பேர் மனுச் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நூலகப் பயிற்சி கிடையாது, ரங்கநாதனுக்கும் கிடையாது. நேர்முகத் தேர்வுக்கு முன்னால் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றி இருந்த கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். நாம் வைவாவுக்கு முதல் நாள் ராத்திரி படிக்கிற மாதிரிதான்! வேலை கிடைத்துவிட்டது. 1924 ஜனவரியில் பதவி ஏற்றார்.

ஏற்ற சில நாளிலேயே மனுஷனுக்கு வெறுத்துப்போனது. பல்கலைக்கழக நூலகம் அப்போது எழும்பூரில் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் ஒண்டுக் குடித்தனம் இருந்தது. வாசகர் வரத்து மிகக் குறைவு. வகுப்பறையில் நாற்பது முகங்களைப் பார்த்துப் பழகியவருக்குப் பேச ஆள் இல்லாத மௌனம் சிறைவாசம் போல இருந்தது. எனக்கு என் பழைய வாத்தியார் வேலையையே கொடுத்துவிடுங்கள் என்று போய் நின்றார். பெரியவர்கள் ஒரு சமாதானம் சொன்னார்கள். லண்டனுக்குப் போய் இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் உன் வகுப்புக்கே திரும்பிக்கொள் என்றார்கள். சரி என்று கப்பல் ஏறினார்.

இதை நான் விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. நூலகத்துக்கு யாரும் வருவதில்லை என்ற புகாரை முதலில் சொன்னவரே ரங்கநாதன்தான். நம் பேரவைக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய நண்பர்கள் இருந்த இடத்தில்தான் அவரும் 1924-ல் இருந்தார். வித்தியாசம் என்னவென்றால், ஏன் வருவதில்லை என்று அவர் தேடிப் பார்த்தார்.

லண்டனும் மெக்கானோவும்

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நூலகவியல் பள்ளி இருந்தது. அங்கே பெர்விக் சேயர்ஸ் என்பவர் பாடம் சொன்னார். அவர் கிராய்டன் நகர நூலகத்தின் தலைமை நூலகர். பாடத்தைவிட ரங்கநாதனை அதிகம் மாற்றியது அந்த ஊர் நூலகங்கள்தான். 100-க்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சுற்றிப் பார்த்தார். அங்கே குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, வேலை முடிந்து வருகிற தொழிலாளிக்குச் சாயங்கால நேரம், தேடுகிற விஷயத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கத் தனி ஆள். அலமாரிக்குப் பூட்டு இல்லை. வாசகரே உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம்.

அங்கேயும் எல்லாம் ஆதியிலிருந்தே அப்படி இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் புத்தகத்தை மேஜையோடு இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு பிரதி கையால் எழுத மாதக்கணக்கில் ஆகும் என்பதால் திருட்டுப் பயம். அச்சு வந்து, புத்தகம் மலிந்து, சங்கிலி அறுந்தது. நம் ஊரில் அச்சு வந்த பிறகும் பூட்டு மட்டும் போகவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

லண்டனில் இன்னொரு சங்கதி நடந்தது. நம்மைப் போல வொர்க்ஷாப்பில் புழங்குகிறவர்களுக்குப் பிடித்தமான சங்கதி. செல்ஃப்ரிட்ஜ் என்ற பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமான் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். துளை போட்ட உலோகப் பட்டைகள், சக்கரம், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளைக் கொண்டு ஒரு தடவை பாரந்தூக்கி, இன்னொரு தடவை வண்டி என்று வேறு வேறு பொம்மை கட்டலாம். ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. அதுவரை புத்தகங்களைப் பொருள் வாரியாகப் பிரிக்க அமெரிக்கர் டூயி 1876-ல் போட்ட தசம முறை இருந்தது. அதில் பெரும்பாலும் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் அடித்து வைத்திருப்பார்கள். புதிதாக ஒரு பொருள் முளைத்தால் இடம் தேடித் திண்டாட வேண்டும். ஏன் அப்படி? துண்டுகளை மட்டும் தயாராக வைத்துக்கொண்டு, புத்தகம் வரும்போது வேண்டிய துண்டுகளை நட்டு போல்ட்டு போட்டு மாட்டினால் என்ன? துண்டுகளை மாட்டுகிற போல்ட்டாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளி, அதாவது கோலன். அதனால்தான் அவருடைய முறைக்குக் கோலன் பகுப்பு என்று பெயர். 1933-ல் புத்தகமாக வந்தது.

நம் பாணியில் ஓர் உதாரணம் சொல்கிறேன். 1960-களில் திருச்சியில் வார்ப்பிரும்புப் பம்புகளை ரிப்பேர் செய்த விதம் என்று ஒரு புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பம்பு என்பது முக்கிய ஆசாமி. வார்ப்பிரும்பு அது செய்யப்பட்ட பொருள். ரிப்பேர் என்பது செயல். திருச்சி இடம். 1960-கள் காலம். ஆசாமி, பொருள், செயல், இடம், காலம் என்ற இந்த ஐந்து முகங்களில் எந்தப் புத்தகத்தையும் பிரித்து மாட்டிவிடலாம் என்பது ரங்கநாதன் கணக்கு. அவருடைய முறையை அப்படியே கடைப்பிடிக்கிற நூலகங்கள் உலகத்தில் குறைவு, டூயி முறைதான் பரவலாக இருக்கிறது. ஆனால் யோசனை நிலைத்துவிட்டது. செல்போனில் செருப்பு வாங்கும்போது அளவு இது, நிறம் இது, விலை இதற்குள் என்று வரிசையாகத் தட்டுகிறோமே, அந்த வடிகட்டும் வேலைக்குப் பின்னால் இருப்பது முகம் முகமாகப் பிரிக்கிற இந்த யோசனைதான்.

ஐந்து விதிகள்

1925 ஜூலையில் திரும்பி வந்தவர் வகுப்பறைக்குப் போகவில்லை. நூலகத்தைத் தலைகீழாகப் புரட்டினார். அலமாரியைத் திறந்து வாசகரை உள்ளே விட்டார். புத்தகங்களைப் பொருள் வாரியாக அடுக்கினார். வாசகரோடு கூடவே நின்று தேடிக் கொடுக்க ஆட்களை நியமித்தார். நேரத்தை நீட்டினார். தினம் 13 மணி நேரம், வாரம் 7 நாள், 20 ஆண்டுகள் லீவு எடுக்காமல் உழைத்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1936-ல் மெரீனா எதிரில் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சொந்தக் கட்டடமும் வந்துவிட்டது.

வேலை நடந்துகொண்டிருந்தாலும் அவருக்குள் ஒரு கணக்கு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். கணிதத்தில் நாலு அடிப்படை விதிகளை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வரவழைப்பதுபோல, நூலக வேலைக்கும் அடிப்படை விதி இருக்க வேண்டாமா என்று குடைந்துகொண்டிருந்தார். 1928-ல் ஒருநாள் தன் பழைய குரு ராஸிடம் இந்தக் குழப்பத்தைச் சொன்னார். ராஸ் போகிற போக்கில் முதல் விதியை ஒற்றை வாக்கியமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நூல் கிடைத்ததும் மற்ற நான்கும் தானாக வந்தன. அதே 1928 டிசம்பரில், சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில் ஐந்தையும் முதன்முதலாகப் பொது மேடையில் வைத்தார். 1931-ல் அது புத்தகமாயிற்று.

அந்த ஐந்தையும் என் பேச்சில் சொல்கிறேன். புத்தகம் இருப்பது புழங்குவதற்கு, பூட்டி வைப்பதற்கு இல்லை. வருகிறவர் யாரானாலும் அவருக்கு வேண்டியதைக் கொடுத்தாக வேண்டும். எந்தப் புத்தகத்துக்கும் எங்கேயோ ஒரு வாசகர் இருக்கிறார், அவரைப் புத்தகம் தேடிப் போக வேண்டும். வாசகர் நேரத்தை வீணடிக்கக் கூடாது. நூலகம் வளர்கிற உயிர், அதை நேற்று இருந்த இடத்திலேயே நிறுத்த முடியாது. இவ்வளவுதான். கேட்டால் இதிலென்ன பிரமாதம் என்று தோன்றும். நம் நூலகத்தை இந்த ஐந்தில் வைத்து உரசிப் பார்த்தால்தான் பிரமாதம் புரியும்.

மாட்டு வண்டியில் போன புத்தகம்

ஒரு பல்கலைக்கழக நூலகர், தன் மதில் சுவருக்குள் இருக்கிற பேராசிரியரையும் மாணவரையும் கவனித்தாலே போதும், சம்பளம் வந்துவிடும். ரங்கநாதன் அதோடு நிற்கவில்லை. 1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. செயலாளர் ரங்கநாதன். சங்கத்துக்காரர்கள் நூலகம் ஏன் வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்த் தமிழில் பேசினார்கள். 1929-ல் நூலக வேலைக்குக் கோடைகாலப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார்கள். பிறகு அதைப் பல்கலைக்கழகமே எடுத்துக்கொண்டது. 1937-ல் அது டிப்ளமோ படிப்பாக உயர்ந்தது. ஆமாம், நம்மைப் போல டிப்ளமோதான்!

1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் நடந்ததுதான் என் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த ஊர்ப் பெரியவர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டு வண்டியைப் புத்தக வண்டியாக்கினார். ரங்கநாதனின் இயக்கம் பின்னால் நின்றது. வண்டி சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போனது. அப்போது எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே நம் கிராமங்களில் சொற்பம். பஸ் வசதி கிடையாது. நூலகம் வரை வர முடியாதவன் வீட்டு வாசலுக்கு நூலகம் போனது. மூன்றாவது விதிக்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடைக்குமா?

அந்தக் காலத்தில் நம் திருச்சியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்தேன். ஐந்து விதிகள் பிறந்த அதே 1928-ல்தான் தென்னிந்திய ரயில்வேயின் தொழிற்சாலை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. பிட்டர், டர்னர், மோல்டர் என்று கைவேலைக்காரர்கள் நிறைந்த ஊராகத் திருச்சி மாற ஆரம்பித்தது. பின்னால் 1960-களில் திருவெறும்பூரில் பெல் கம்பெனி, அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள். நாம் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததே அந்த வேலைகளை நம்பித்தான். இந்தக் கைவேலைக்காரர்கள்தான் நம் நூலகத்தில் இருக்கிற புத்தகங்களுக்கு இயற்கையான வாசகர்கள். ஆனால் அவர்களுக்கு நம் நூலகத்தில் கார்டு கிடையாது.

இதை வெறும் பேச்சாகச் சொல்லவில்லை. என் அண்ணன் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனதால்தான் நான் டிப்ளமோ படிக்கிறேன். கை வேலையில் அவன் கெட்டிக்காரன். டிராயிங்கில் வருகிற வெல்டிங் குறியீடுகளைப் படிப்பதில்தான் தகராறு. அம்புக்குறிக்கு மேலே போட்டால் ஓர் அர்த்தம், கீழே போட்டால் வேறு அர்த்தம் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. டிராயிங் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் பட்டறையில் மேல் வேலையும் மேல் கூலியும். அந்தக் குறியீடுகள் அத்தனையும் படத்தோடு இருக்கிற புத்தகம் நம் நூலகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. வெளியே கொடுக்க மாட்டார்கள், பார்வைக்கு மட்டும்தான். நான் நாலு நாள் உட்கார்ந்து அட்டவணையை நோட்டில் வரைந்துகொண்டுபோய் அண்ணனுக்குக் காட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு வேலை செய்கிற இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. அதற்கடுத்த வாரம் ஐந்து பேர். நூலகத்துக்கு ஆள் வருவதில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் திண்ணைதான் கண்ணில் நிற்கும்.

பூட்டுக்குக் காரணம்

நம் நூலகர் ஐயாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பூட்டு ஏன் தொங்குகிறது என்று ரங்கநாதன் அன்றைக்கே விசாரித்துப் பார்த்திருக்கிறார். நம் நாட்டில் நூலகர் என்றால் புத்தகக் காவல்காரர் என்று வைத்திருந்தோம். கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் அவர் தலையில்தான் விடியும். சம்பளத்தில் கைவைப்பார்கள் என்ற பயம் இருந்தால் எந்த மனிதர்தான் அலமாரியைத் திறப்பார்? அலமாரியைத் திறந்து வைத்தால் சில புத்தகங்கள் தொலையத்தான் செய்யும், அந்த நஷ்டத்தைவிட நூறு பேர் படிக்கிற லாபம் பெரிது, அதை நிர்வாகம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது ரங்கநாதன் கட்சி. பூட்டைத் திறக்க முதலில் நூலகரின் பயத்தைப் போக்க வேண்டும் என்பது அவரிடம் நான் கற்ற பாடம்.

சட்டமும் பணமும்

நல்ல மனசு மட்டும் இருந்தால் நூலகம் நடக்காது, பணமும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். 1930-லேயே நூலகத்துக்கென்று ஒரு மாதிரிச் சட்டம் எழுதி வைத்தார். அது நிறைவேற 18 ஆண்டு ஆனது. 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி வந்த முதல் சட்டம் நம்முடையதுதான். மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி. திருச்சி சிங்காரத்தோப்புப் பக்கம் மாவட்ட மைய நூலகத்துக்குள் நாம் உரிமையோடு போய் உட்காருகிறோம் என்றால், நம் வீட்டு வரியில் அதற்கு ஒரு பங்கு இருக்கிறது என்று பொருள்.

கல்லூரிகளையும் அவர் விடவில்லை. 1942-ல் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். 1957-ல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நூலகக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். நூலகத்துக்கு மாணவர் தலைக்கு 15 ரூபாய், ஆசிரியர் தலைக்கு 200 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் கேட்டது அந்தக் கமிட்டி. தலைக்கு இவ்வளவு என்று அளந்து கேட்டதில்தான் கணக்கு வாத்தியார் தெரிகிறார்!

கடைசி வரை

அவர் வாழ்க்கை மேடு பள்ளம் இல்லாமல் ஓடவில்லை. 1928-ல் முதல் மனைவி ருக்மிணி விபத்தில் இறந்தார். மறு ஆண்டு சாரதாவை மணந்தார். 20 ஆண்டு ரத்தம் சிந்தி வளர்த்த சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே மேலிடத்தோடு ஒத்துப்போகாமல் 1945-ல் வெளியேறினார். 50 வயதைக் கடந்தவர், ஓய்வெடுத்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சுமார் 1 லட்சம் புத்தகங்களை 18 மாதத்தில் தனி ஆளாக வகைப்படுத்தினார் என்று அவர் வரலாறு சொல்கிறது. 1947-ல் டெல்லிப் பல்கலைக்கழகம். பிறகு சில காலம் ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச் நகரம். 1957-ல் பத்மஸ்ரீ. 1962-ல் பெங்களூரில் ஆவணப் பயிற்சி ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 1965-ல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆக்கியது. 1967-ல் கணித மேதை ராமானுஜனைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதிவிட்டார். பழைய காதல் விடுமா?

எனக்கு அவரிடம் பிடித்த காரியம் ஒன்று உண்டு. தன்னைப் போகவிட்ட அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே, தன் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயை 1950-களில் தூக்கிக் கொடுத்தார். நூலகவியலுக்கு மனைவி சாரதா பெயரும் தன் பெயரும் சேர்ந்து ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட வேண்டும் என்று. அந்தக் காலத்து 1 லட்சம் என்றால் எத்தனை வீடு வாங்கலாம் என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். கோபம் ஆட்களோடு, நூலகத்தோடு இல்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் காலமானார்.

நாம் செய்ய வேண்டியது

எல்லாம் செல்போனில் இருக்கிறது, இனி நூலகம் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கையிலும் செல்போன் இருக்கிறது. அதில் வெல்டிங் குறியீடு என்று தேடினால் ஆயிரம் வரும், முக்கால்வாசி இங்கிலீஷில். எது சரி, எது தப்பு, எது நம் டிராயிங்குக்குப் பொருந்தும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். ரங்கநாதன் வாசகரோடு கூடவே நிற்க ஆள் போட்டது அதற்காகத்தான். பட்டறைக்காரர்களுக்கு அந்த ஆளாக நாம் இருக்க முடியும்.

அதனால் பேரவை முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, ஆண்டுக்கு இத்தனை புத்தகம் வரை தொலைந்தால் நூலகர் பொறுப்பில்லை என்று நிர்வாகம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாகப் பேரவை நிதியிலிருந்து ஒரு தொகையை நாமே ஒதுக்குவோம். இரண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முறை வைத்து உதவிக்கு நின்று, ராத்திரி 8 மணி வரை நூலகத்தைத் திறந்து வைப்போம். விடுதி மாணவர்களுக்கும் பகுதி நேரமாக வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் சொந்த நேரம். மூன்று, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பட்டறைத் தொழிலாளர்களுக்கும் ஐ.டி.ஐ. தம்பிகளுக்கும் கதவைத் திறந்து, டிராயிங் படிப்பது எப்படி என்று தமிழில் சொல்லிக் கொடுப்போம். புத்தகத்தை வெளியே அனுப்ப வேண்டாம், உள்ளே உட்கார்ந்து படிக்கட்டும். நான்கு, நம் வொர்க்ஷாப்பிலேயே ஒரு புத்தகத் தள்ளுவண்டி செய்வோம். மெக்கானிக்கல் பிரிவுக்கு அதுவே ப்ராஜெக்ட் ஆகட்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் 7 நாள் முகாமுக்கு மண்வெட்டியோடு அந்த வண்டியும் போகட்டும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. 1931-ல் மேலவாசலில் இருந்தது ஒரு வண்டியும் இரண்டு மாடும்தான். நம்மிடம் லேத் இருக்கிறது, வெல்டிங் செட் இருக்கிறது, கை இருக்கிறது. வருகிற பேரவைக் கூட்டத்தில் நூலகத் தீர்மானம் மறுபடி வருகிறது. படிக்கும் அறையைக் காலி செய்யலாம் என்று நினைக்கிற நண்பர்களும் தவறாமல் வாருங்கள். கை தூக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு சாயங்காலம் என்னோடு துவாக்குடிக்கு வந்து, அந்த ஐந்து பேரோடு பேசிவிட்டு வாருங்கள். அப்புறம் எந்தப் பக்கம் கை தூக்குவது என்பது உங்கள் விருப்பம்.